பந்து போட்ட சேலை

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் என் கையால் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், கேட்ட இடத்தில் போட்ட கையெழுத்தும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில சமயம் குழம்பிவிடும். தப்பும் தவறுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் மறந்துவிடவில்லை. ஒருவர் எனக்குச் செய்ததும், நான் அவருக்குத் திருப்பிச் செய்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆரணியில் எங்கள் தெருவில் நான் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்போம். பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒரு இழையை, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை இருக்கும். ஒன்று தப்பிப்போனாலும் சேலை முழுக்கக் கோடு விழும். நாற்பது வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்கிறேன். குனிந்த தலை நிமிராத வேலை, என் சுபாவத்துக்குத் தோது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர் வந்தால் கைகழுவப் போய்விடுவேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால், எங்களுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்கிற முதலாளி வீட்டில் ஒரு கல்யாணச் சேலையில் கோடு விழுந்தது. அப்போது அவர் வீட்டுக்குள்ளேயே ஆறு தறி இருந்தது. நான் பிணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், முதலாளியின் மனைவி அந்தப் பக்கம் போய், வளையல் மாட்டி நாலைந்து இழை அறுந்துவிட்டது. அவர் தனக்குத் தெரிந்த மாதிரி முடிந்து வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் தறியை விட்டுப் போவதை மட்டும் நான் வாசற்படியில் கால் வைக்கும்போது பார்த்தேன். என்ன செய்தார் என்று சேலையில் கோடு தெரிந்த அன்றுதான் புரிந்தது.

அன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தறி ஓட்டுகிற ஆண்கள், நூல் சுற்றுகிற பெண்கள், சேலை எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"அஞ்சாங்கிளாஸ் கழுதைக்கு எண்ணத் தெரியுமான்னு அன்னிக்கே கேட்டேன். இன்னா பண்ணி வெச்சிகிறா பாருங்க" என்றார் முதலாளி.

"அது வந்துங்க, அம்மாதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாயத் தெறக்காத. பிணைக்க வந்தா பிணைச்சிட்டுப் போய்க்கினே இரு. உன் வாய யாரு கேட்டா?"

அவர் மனைவி கதவோரம் நின்று வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு வருஷம் தெருவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்கள், வேறு ஆள் கிடைக்காததால். முதலாளியும் கூப்பிட்டார், ஒன்றும் நடக்காதது மாதிரி. நானும் போனேன். போனதால் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருந்தால் அது அவர் தப்பு.

என் தம்பி அவருக்குத்தான் நெய்தான். அவன் பிறந்தபோது எனக்குப் பதினாறு வயது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அவனோடேயே இருந்துவிட்டேன். அவன் மனைவி, மகள் மூன்றாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போதிலிருந்து அந்தப் பெண்ணை நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் பார்க்கப் பார்க்க வளர்ந்தாள். எட்டாவது படிக்கும்போதே அப்பனைத் தாண்டிவிட்டாள். தெருவில் அவளுக்கு ஒட்டடைக் கம்பு என்று பெயர். முதலாளி ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று, "இன்னாடா, பொண்ணப் பெத்தியா, பனமரம் நட்டியா? மாப்பிள்ளைய ஏணி எடுத்துகினு வரச் சொல்லணும் போலகீதே" என்று சிரித்தார். தம்பியும் கூடச் சிரித்தான். அடுப்படியில் இருந்த எனக்கு அதுவும் கேட்டது. முன்னதோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் சிமெண்டு பெயர்ந்த ஒரு கூடைப்பந்து மைதானம் இருந்தது. உயரத்தைப் பார்த்து ஒரு டீச்சர் அவளைக் கூப்பிட்டு வளையத்தின் கீழ் நிறுத்தினார். பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரி ஆட்டத்துக்காகவே இடம் கொடுத்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்களுடையது, பந்து ஆடுகிற வரைக்கும். முதல் வருஷமே மூத்த பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு இவளை இறக்கினார்கள். அவள் ஆடுவதைச் செல்போனில் பார்த்தேன். எனக்கு அந்த ஆட்டத்தின் கணக்கு தெரியாது. ஆனால் கைவேலை தெரியும். ஒரு கை யோசித்துப் போகிறதா, தானாகப் போகிறதா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். பந்து வருவதற்கு முன்பே அவள் கை அங்கே போய் இருந்தது.

சென்னைக்குப் போனதும் முதலாளிக்கு அவள் 'நம்ம பொண்ணு' ஆகிவிட்டாள்.

முதல் வருஷம் முடிந்து அவள் லீவுக்கு வந்திருந்தபோது, தம்பியையும் அவளையும் கடைக்கு வரச் சொன்னார். நெய்து முடித்த சேலையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். சென்னையில் தனியார் சிலர் புதிதாகப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி நடத்தப்போகிறார்களாம். அதில் ஓர் அணியை வைத்திருப்பவர் முதலாளிக்கு வேண்டியவர். இவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மூன்று வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம், தங்க இடம்.

"காலேஜுல இன்னாம்மா தர்றான், ஆஸ்டல் சோறு. இவன் சம்பளம் தர்றான். பேப்பர்ல போட்டோ வரும்" என்றார்.

"படிப்புங்க?" என்றான் தம்பி மெதுவாக.

"எதுக்குடா படிக்கறா? வேலைக்கிப் போவத்தானே? வேல வூடு தேடி வந்துகினு கீது, நீ படிப்புங்கறியே. தபால்ல படிச்சிக்கட்டும்."

"காலேஜ்ல மேடத்தக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றாள் இவள்.

"எந்த மேடம்? நான் மண்டபம் பேசிட்டேன்."

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் விழா. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மேடையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது கட்டிக்கொள்ள ஒரு பட்டுச் சேலை. பந்தின் நிறத்தில் உடல், முந்தானையில் ஜரிகையில் பந்தும் வளையமும். அந்தப் போட்டோவைக் கடை வாசலில் வைத்துத் தீபாவளிக்கு அதே மாதிரிச் சேலையை விற்பார். இதையும் அவர் மறைக்கவில்லை. "உனக்கும் பேரு, கடைக்கும் பேரு" என்றார்.

ஒப்பந்தம் ஒரு பச்சை ஃபைலில் மேஜை மேல் இருந்தது. அவள் கையை நீட்டினாள். "அது மேடையில பாத்துக்கலாம்" என்று இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு மகளிடம் சொன்னான்: "உனக்கு இப்ப காலு கை நல்லா கீது. காலேஜு ஆட்டத்துல விழுந்து முட்டி போச்சின்னா எவனாவது தேடிகினு வருவானா? வரும்போதே போய்ச் சேந்துடு கண்ணு. எனக்குத் தறிக்குழியில கால வெச்சி எழுந்தாலே இடுப்பு புடிச்சிக்குது. நான் இன்னும் எத்தினி வருசம்?" அவன் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கல்லூரியில் பந்து சொல்லிக்கொடுக்கிற மேடம் போனில் வேறு மாதிரிப் பேசினார். "இந்த ஒரு வருஷமா நீ கால் வைக்கிற விதத்தைத்தான் மாத்திக்கிட்டு இருக்கோம். இன்னும் ரெண்டு வருஷம் குடும்மா. இப்பவே போனா அவங்க உன் உயரத்தை வாங்கிக்குவாங்க. ஆட்டத்தை யாரும் வளர்த்துவிட மாட்டாங்க."

அவள் நடுவில் கிடந்து அல்லாடினாள். பின்பக்கம் துவைக்கிற கல்லில் பந்தைத் தட்டித் தட்டி ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

"அத்த, நீ இன்னா சொல்ற?"

"எனக்கு இன்னா தெரியும் கண்ணு."

அது பொய். எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். முதலாளி கேட்டது நடக்கக் கூடாது. போனால் அவளுக்கு நல்லதா, இருந்தால் நல்லதா என்று நான் யோசிக்கவேயில்லை. அவர் 'போ' என்றதால் எனக்கு 'போகாதே'. அவர் 'இரு' என்று சொல்லியிருந்தால் அவளை நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன்.

சேலைக்கு நாள் குறைவாக இருந்தது. தம்பியின் தறியில் அப்போது அகலம் குறைந்த சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. இழைகளை வரிசையாகப் பிடித்து நிறுத்துகிற அச்சு நாற்பத்து நாலு அங்குலம். அகலமாக நெய்ய வேண்டுமென்றால் அச்சை மாற்றி எல்லா இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும், அதற்கே பல நாள் ஆகும். அச்சை மாற்றட்டுமா என்று தம்பி முதலாளியைக் கேட்டான். "அதெல்லாம் வாணாம், இருக்கற அச்சுலயே பிணைச்சி ஓட்டு. ஜல்தி ஆவட்டும்" என்றார் முதலாளி.

முதல் இழையை முறுக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சித்திரையில் கோயிலுக்குப் போக அவளுக்கு என் சேலை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தேன். அது அகலத்தில் நாற்பத்தாறு அங்குலம். அதுவே அவளுக்குக் கணுக்காலை மூடவில்லை, அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் பேண்ட்டில் வந்தாள். இதுவோ அதைவிடக் குறைச்சல். அவள் ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம்.

வேறு யாருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் தெருவில் சேலையின் நீளத்தைப் பேசுவார்கள், எடையைப் பேசுவார்கள், ஜரிகையைப் பேசுவார்கள். கட்டப்போகிறவளின் உயரத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. எந்தச் சேலையும் எந்தப் பெண்ணுக்கும் ஆகும் என்றே காலம் காலமாக நெய்கிறோம். தம்பி மகளைப் பேண்ட்டிலும் பனியனிலும் பார்த்தே பழகியவன். முதலாளியோ பனமரம் என்று சொல்லிச் சிரித்தவர். அந்தப் பனமரத்துக்குச் சேலை நெய்யச் சொன்னபோது அவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

மூன்று நாள் பிணைத்தேன். சொல்லிவிடலாமா என்று பல தடவை தோன்றியது. நாளைக்கு நாலு பேர் முன்னால் அவளும்தானே கூசி நிற்பாள் என்றும் தோன்றியது. தோன்றாமல் செய்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டாம் நாள் முதலாளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா, இழ கிழ தப்பிடப் போவுது. எண்ணிகினு பண்ணு."

"சரிங்க."

ஒரு இழை தப்பவில்லை. என் வேலையில் குற்றம் சொல்ல அவருக்கு ஒரு நூல்கூடக் கிடைக்கக் கூடாது என்று, என் ஆயுசில் பிணைக்காத சுத்தமாகப் பிணைத்தேன்.

தம்பி நெய்தான். முந்தானையில் ஜரிகைப் பந்து ஏறி வருவதை அவள் தறிக்குப் பக்கத்தில் குந்திப் பார்ப்பாள். "இன்னாப்பா இது, பந்து பூசணிக்கா மாதிரி கீது" என்பாள். "ஜரிகையில அப்டித்தான் வரும், சும்மா இரு" என்பான். கொஞ்ச நாளாக மேடத்தின் பேச்சை அவள் எடுக்கவில்லை. போய்விடுவாள் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் முதலாளி வீட்டில் சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். போட்டோ எடுக்கிறவர் வந்திருந்தார். கடை ஆட்கள் இருந்தார்கள். முதலாளியின் மனைவி அவளுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அவரே உள்ளறையில் கட்டிவிட்டார், நான் கதவருகில் நின்றேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் இறக்கிக் கட்டினார். இன்னும் இறக்கினார். அதற்கு மேல் இறக்க இடுப்பு இல்லை.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

அவளை அப்படியே கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலாளி பார்த்தார். கணுக்காலுக்கு மேல் நாலு விரற்கடை வெறுங்கால். அதன் கீழே பளபளவென்று புதுச் செருப்பு.

"மேல மட்டும் எடுத்துக்கலாம் சார்" என்றார் போட்டோக்காரர்.

"நாளைக்கு மேடையில ஊரே பாக்குமேய்யா, மேல மட்டுமா பாக்கும்?"

நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "நாத்து நடப் போறவ மாதிரி கீறேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைப் பையன்களும் சிரித்துவிட்டார்கள். அதுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை.

"இன்னாடா நெய்ஞ்சிகிற?" என்று தம்பியின் மேல் பாய்ந்தார்.

"நீங்கதானுங்க அச்சு மாத்த வாணாம்னீங்க."

"பிணைச்சது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தாங்க."

"அச்சு எத்தினி அங்குலம்னு உனக்குத் தெரியாது?"

"தெரியுங்க. நாப்பத்தி நாலு."

"இந்தப் பொண்ணு உயரம் தெரியாது? நீதானே வளத்த?"

"தெரியுங்க."

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?"

அவரைப் பார்த்தால் வார்த்தை வராது என்று அவர் மனைவியைப் பார்த்தேன்.

"வாயத் தெறக்காதன்னு சொல்லிகிறீங்க. இருவது வருசமா தெறக்கலிங்க."

அவருக்குப் புரியவில்லை. மெய்யாகவே மறந்துபோயிருந்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் இன்னும் ஏறியது. என்னை ஒரு வருஷம் தெருவில் தலைகாட்ட முடியாமல் செய்த வார்த்தை, அவருக்கு ஞாபகம்கூட இல்லை. அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. கையில் வைத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட ஆரம்பித்தார்.

"இன்னா சொல்றா இவ?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, வுடுங்க" என்றார் அவர்.

விழா நின்றது. சேலை இல்லாமல் அவளை மேடையில் ஏற்ற முதலாளிக்கு மனசில்லை. அவருக்கு வேண்டியது சேலையின் போட்டோதானே. புதிதாக அச்சுக் கோத்து நெய்ய வேண்டுமென்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அவர் நல்ல காரியம் எதற்கும் கை வைக்க மாட்டார். ஆவணிக்குத் தள்ளிவைக்கலாம் என்று சென்னைக்குப் போன் செய்தார். அணிக்காரர் சிரித்தாராம். அவர்களுக்கு விழாவும் வேண்டாம், சேலையும் வேண்டாம், ஐந்து நாளில் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். முதலாளி வேறு வழியில்லாமல் பச்சை ஃபைலைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். அப்படித்தான் அந்தக் காகிதம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவள் இங்கிலீஷில் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மூன்று வருஷம் அவர்கள் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் ஆடக் கூடாது, கல்லூரிக்கும் கூடாது, மாநிலத்துக்கும் கூடாது. அடிபட்டு இரண்டு மாதம் ஆட முடியாமல் போனால் அவர்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அவள் பக்கமிருந்து முடிக்க முடியாது. கல்லூரிக்கு ஆடவில்லை என்றால் கல்லூரி இடமும் போய்விடும்.

"எந்தக் காயிதத்துலயும் இப்டித்தான் எழுதியிருப்பான். அதப் பாத்தா வேலைக்கே போவ முடியாது" என்றான் தம்பி. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

அவன் போன பிறகு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, இப்பனா சொல்லு. இருக்கட்டுமா, போவட்டுமா?"

"போவாத."

"ஏன்?"

"அந்த ஆளு கேட்டது நடக்கக் கூடாது. அவ்ளோதான். உனுக்காகச் சொல்லல கண்ணு. அதனால என் பேச்ச நீ கேக்காத."

இருபது வருஷக் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"சேல குட்டைனு தெரிஞ்சே வுட்டுட்டியா?"

"ஆமா."

"நான் மேடையில அப்டியே ஏறியிருந்தா?"

"அதுவும் யோசிச்சேன். யோசிச்சிட்டுத்தான் சொல்லல."

இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் அவளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மூன்றாம் நாள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் கோவம் உன்னுது. நான் அதுக்காக இருக்கல, தெரிஞ்சிக்கோ. எனக்கு இடது கையில பந்து இன்னும் சரியாப் போவல அத்த. வலது பக்கம் மறிச்சிட்டா நான் மரம் மாதிரி நிக்கறேன். எல்லாருக்கும் அது தெரிஞ்சிபோச்சி. சம்பளம் குடுக்கறவன் வேல வாங்குவான். மேடம்தான் திட்டித் திட்டிக் கத்துக்குடுக்கும். ரெண்டு வருசம் இருந்து இந்தக் கைய சரி பண்ணிகினு போறேன். அதுக்குள்ள முட்டி போனா போவட்டும்."

ஃபைலை அவளே திருப்பிக் கொடுக்கப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. கடையில் சேலை எடுக்கிற கூட்டம் இருந்தது. "நான் காலேஜிலயே இருக்கறேன் சார்" என்று மேஜை மேல் வைத்தாள். முதலாளி அவளைப் பார்க்கவில்லை, வாடிக்கையாளர்களைப் பார்த்தார்.

"போ, போ. அடுத்த வருசம் இதே வாசல்ல வந்து நிப்ப. அப்ப ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"வந்தா குனிஞ்சிகினுதான் சார் வரணும். உங்க வாசல் ஒயரம் கம்மி."

போளூரிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி முகம் போன போக்கை நான் நிதானமாக நின்று பார்த்தேன். தலையைக் குனியவில்லை. இன்றைக்கும் பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த முகத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அதற்கப்புறம் தம்பிக்கு அவரிடமிருந்து நூல் வரவில்லை. கண்ணமங்கலம் போகிற வழியில் வேறு ஒருவரிடம் வேலை பிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை தறி சும்மா கிடந்தது. "உன் ரோசத்துக்கு என் தறி நின்னுச்சிக்கா" என்றான் ஒரே ஒரு நாள்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. வெம்பாக்கம் பக்கத்திலிருந்து நடுத்தர உயரத்தில் ஆட்டக்காரப் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். அதே சேலையைக் கட்டி அவள் நிற்கிற போட்டோ கடை வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. அவளுக்குப் பாதம் வரைக்கும் சரியாக இருக்கிறது. சேலையில் ஒரு கோடு இல்லை. நான் பிணைத்ததாயிற்றே. அந்தப் பெண் அணியில் ஆடுகிறாளாம், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாளாம். தம்பி அந்த வழியாகப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டுகிறான். என்ன நினைக்கிறான் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் பெண் இப்போது இரண்டாம் வருஷம். நடுவில் ஒரு ஆட்டத்தில் கீழே விழுந்து முட்டி வீங்கிவிட்டது என்று போன் வந்தது. அந்த இரண்டு வாரமும் நான் ஒரு வீட்டிலும் பாவு பிணைக்கவில்லை. சுளுக்குத்தான் என்று மேடம் சொன்ன பிறகுதான் சாம்பலைத் தொட்டேன். இப்போது திரும்ப ஆடுகிறாள். இடது கை வந்துவிட்டதா என்று கேட்டால், "வந்துகினே கீது அத்த" என்கிறாள்.

முதலாளிக்குச் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அவர் கண் நன்றாகத் தெரிகிற காலத்திலேயே அவள் பெரிய ஆட்டம் ஆட வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். ஆனால் அவளுக்கு நான் செய்தது சரியா என்று மட்டும் தெரியவில்லை. அவள் இருந்தது தன் கைக்காகத்தான் என்கிறாள். எனக்காகவும் கொஞ்சம் இருந்தாளோ, அந்தக் காகிதத்தில் இருந்ததைக் கொஞ்சம் கூட்டிப் படித்தாளோ என்று சந்தேகம். ஃபைலைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவள் செல்போனில் எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது வரி விடாமல் படித்து, மூன்று வருஷம்தானா, அடிபட்டால் இரண்டு மாதம்தானா, கல்லூரிக்கு ஆடக் கூடாது என்று மெய்யாகவே போட்டிருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பிருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், கடைத்தெருவில் சொல்ல வேண்டாம்.